ஒரே கடையில் வாங்கிய இரண்டு கார்டுகள்

கல்யாணத்துக்கு முன்பே எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தது. லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபோனபோது ஹாலில் சோபா போடவில்லை. சுவரோரமாக இரண்டு மேஜைகளை அடுத்தடுத்துப் போட்டு இரண்டையும் வைத்துவிட்டோம். வீட்டுக்கார அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே பிரவுசிங் சென்டர் நடத்தப் போகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். நடத்துவதாக இருந்தால் வாடகை வேறு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் என் கணவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். எங்கோ வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அது ஓடவில்லை என்று போன் செய்வார்கள். எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நாங்கள் இங்கிருந்து சொல்வோம். நான் அந்த வேலைக்காகத் திருப்பத்தூரிலிருந்து வந்தவள். அவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரின் பாதி இளைஞர்களைப் போல இவரும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பேச ஆரம்பித்ததே கம்ப்யூட்டர் கேம்ஸ் பற்றித்தான். அப்போதிலிருந்தே வா, போ என்றுதான் பேச்சு. எழுதும்போது அவர் என்று எழுதுகிறேனே தவிர, வீட்டில் 'நீ'தான். மாமியார் வரும் நாட்களில் மட்டும் 'என்னங்க' ஆகிவிடுவார்.

அந்த வருடம் ஒரு கார் பந்தய ஆட்டம் வந்திருந்தது. கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையின் வாசலில் பெரிய மானிட்டரில் அதை ஓடவிட்டிருந்தார்கள். ஆட்டத்துக்குள் மழை பெய்தது. கார் கண்ணாடியில் துளி விழுந்து, வழிந்து, இன்னொரு துளியோடு சேர்ந்து கீழே இறங்கியது. ஈரமான சாலையில் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் தெரிவது போலவே தெரிந்தது. மவுஸ் வாங்கப் போயிருந்த நாங்கள் மவுஸை மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கம்ப்யூட்டர்களில் அந்த ஆட்டம் திறக்கக்கூடச் செய்யாது. அதற்கு வேண்டிய, திரையில் படம் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டதும் என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்களில் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் அதற்கே போய்விடும்.

அவர் அதோடு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இணையக் குழுக்களைப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் கையில் உள்ள பணத்துக்குள் வரும் எல்லாக் கார்டுகளையும் பற்றிப் படித்தேன். சிலவற்றில் நினைவகம் அதிகம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த நினைவகத்துக்குப் போகும் வழி குறுகலாக இருக்கும். குறுகலான குழாய்க்குப் பெரிய தொட்டி கட்டிய கதை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் ஒரு கார்டு மட்டும் மிஞ்சியது.

அதன் சிப்பும், இரண்டு பங்கு விலையுள்ள பெரிய கார்டின் சிப்பும் ஒன்றேதான் என்று பலரும் எழுதியிருந்தார்கள். படம் வரைவதற்கு அந்தச் சிப்புக்குள் நான்கு பகுதிகள் உண்டு. மலிவான கார்டில் அவற்றில் இரண்டைத் தயாரிப்பாளர்களே மூடிவிடுவார்கள். சில சிப்புகளில் அந்தப் பகுதிகளில் கோளாறு இருக்கும், அதனால் மூடுவது. சிலவற்றில் ஒரு கோளாறும் இருக்காது. குறைந்த விலைச் சரக்கும் கடையில் இருக்க வேண்டுமே என்பதற்காக நல்லதையும் மூடிவிடுவார்கள். யாரோ எழுதிய ஒரு சின்ன மென்பொருளை வைத்து அந்த இரண்டையும் திறந்துவிடலாம். மூடியிருந்தவை நல்லவை என்றால் பாதி விலைக்குப் பெரிய கார்டு கிடைத்த மாதிரி. கெட்டவை என்றால் திரையெல்லாம் கட்டம் கட்டமாக விழும். வாங்கி மாட்டித் திறந்து பார்க்கும் வரை எது எது என்று தெரியாது.

இதை நான் விளக்கிச் சொன்னபோது அவர் பொரி சாப்பிட்டுக்கொண்டே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது லாட்டரி மாதிரி."

"லாட்டரி இல்ல. பழைய பேட்ச் கார்டுல நல்லது அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. பாத்து எடுக்கணும்."

"எடு, எடு. எனக்கும் ஒண்ணு எடு."

ஒரு சனிக்கிழமை காலை மறுபடி எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். கேபினட்களை அடுக்கிக் கயிறு கட்டிய தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து ஒரு குறுகலான மாடிக் கடைக்கு ஏறினோம். கடைக்கார பாய் நான் கேட்ட கார்டில் அரை டஜன் பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, கார்டின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.

"மேடம், எல்லாம் ஒரே மால்தான். பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே" என்றார் பாய்.

"பையன் பாக்கறேன் பாய். அதான் லேட்டாவுது" என்றேன். என் கணவர் சிரித்தார்.

பழைய பேட்சில் இரண்டுதான் இருந்தன. ஒன்றின் பெட்டி புத்தம் புதிதாக மழமழவென்று இருந்தது. இன்னொன்றின் பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. நல்ல பெட்டியை நான் எடுத்து என் கைப்பையோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நசுங்கியதை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை; கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரும்புச் சாறு குடிக்கலாமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வேலையை ஆரம்பித்தேன். முதலில் அவருடையதைத்தான் மாட்டினேன். ஏதாவது எக்குத்தப்பாக ஆனால் என் கார்டில் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கலாம் என்று கணக்கு. மென்பொருளைப் போட்டு, மூடியிருந்த இரண்டு பகுதிகளுக்கும் எதிரே குறியிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். திரை சுத்தமாக வந்தது. சோதனைப் படத்தை ஓடவிட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு அந்தப் பந்தய ஆட்டத்தைத் திறந்தேன். மழை பெய்தது. கடை வாசலில் பார்த்த அதே மழை. துளி வழிந்து, சேர்ந்து, இறங்கியது.

இருவரும் கத்திவிட்டோம். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா என்ன ஆச்சோ என்று பதறி "ஏனாய்த்து?" என்று குரல் கொடுத்தார். என் கணவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷம் முழுக்க முழுக்க உண்மையானது. நான் படித்தது சரி, நான் தேர்ந்தெடுத்தது சரி.

பிறகு என்னுடையதை மாட்டினேன். அதே மென்பொருள், அதே குறி. கம்ப்யூட்டர் திரும்ப வந்தபோது திரை முழுக்க தாயக் கட்டம் வரைந்து வைத்தது போலச் சதுரங்கள் விழுந்திருந்தன. அணைத்துப் போட்டேன். கழற்றித் துடைத்து மாட்டினேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். சதுரங்கள் இடம் மாறக்கூட இல்லை. திறந்ததை மூடினால் திரை சுத்தமானது. திறந்தால் கட்டம்.

பக்கத்து மேஜையில் அவர் மழையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"விடு. அது கெட்டது போல. என்னுதுல ஆடிக்கோ" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மாலைதான் அது ஆரம்பித்தது. இன்னொருவரின் நகையையோ புடவையையோ பார்த்து எனக்கு வயிறு எரிந்ததில்லை. தோழிகளுக்குக் கல்யாணம் ஆனபோது, சொந்தக்காரப் பெண்கள் அமெரிக்கா போனபோது, நான் பாட்டுக்கு இருந்தேன். இப்போது என் சொந்த வீட்டில், என் கையால் மாட்டிக் கொடுத்த ஒரு கார்டைப் பார்த்து உள்ளே புகைந்தது. ஒரு பக்கம்கூடப் படிக்காதவர் அவர். பெட்டியைத் திருப்பிப் பார்க்காதவர். நான் வேண்டாம் என்று தள்ளியதை வாங்கிக் கக்கத்தில் வைத்தவர். அவருக்கு முழுசாகத் திறந்தது. எனக்குத் திறக்கவில்லை.

அந்த ஆட்டம் என் கம்ப்யூட்டரிலும் ஓடாமல் இல்லை. மழையை அணைத்துவிட்டால் நன்றாகவே ஓடியது. வெயில் காய்ந்த சாலையில் நான் ஓட்டுவேன். ஓர் அடி தள்ளி அவர் மழையில் ஓட்டுவார். "இந்தத் திருப்பத்த பாரேன், தண்ணி எப்படித் தெறிக்குது" என்று கூப்பிடுவார். அவருக்கு அதில் ஒரு கள்ளமும் இல்லை, பார்க்கத்தான் கூப்பிட்டார். நான் போய் நின்று "ம்" என்பேன். பிறகு சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். அவருடைய கார்டின் மின்விசிறி சுழல ஆரம்பிக்கும்போது டிக் டிக் என்று சின்னதாய் ஒரு சத்தம் கேட்கும். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு அடுப்படியிலிருந்தே கேட்கும்.

அந்தச் சமயம் பார்த்து மாமியார் தங்கவயலிலிருந்து வந்தார். காலை ரயிலில் வந்து இறங்கி, காபியோடு மகனுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் கார் ஓட்டுவதை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் போல வேடிக்கை பார்த்தார். நடுவில் என் திரையையும் பார்த்தார். நான் அப்போது மறுபடியும் திறக்க முயன்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, உன்னுது மட்டும் கட்டம் கட்டமா வருது?"

"அந்தக் கார்டு சரியில்ல அத்தை."

"ரெண்டும் ஒண்ணாதானே வாங்கினு வந்தீங்க?"

"ஆமா அத்தை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் கை ராசி அப்படி. சின்ன புள்ளையில ரேடியோவ தட்டுவான், பாடும். எங்க வூட்டுக்காரரு தட்டுனா பாடாது."

"அத மாட்டினது நான்தான் அத்தை" என்றேன்.

"மாட்டினா இன்னா, பொருளு அவன்துதானே" என்றார். குத்திக் காட்ட அவர் சொல்லவில்லை. மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று மதியம் நான் வைத்த ரசத்தை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

என் கணவர் அன்று அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார், எல்லாம் அவள் படித்துச் செய்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. "பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டான்" என்று அம்மா அதற்கும் மகனையே மெச்சினார்.

ஆபீஸிலும் அதே கதைதான். எங்கள் வீட்டில் பாதி விலைக்குப் பெரிய கார்டு ஓடுகிறது என்று செய்தி பரவியது. எங்கள் வரிசையில் கடைசி இருக்கையில் இருந்த ஒருவன், அவனும் கேம்ஸ் பைத்தியம், ஒரு நாள் என் கணவரின் மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், எந்த பேட்ச் எடுத்த? எப்படி ஓபன் பண்ண? சொல்லு."

"அவளக் கேளுடா. அவதான் பண்ணா."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நல்ல நகைச்சுவை என்பது போல. பிறகு மறுபடி என் கணவர் பக்கம் திரும்பி, "விளையாடாத மச்சான், சொல்லு. டிரைவர் பழசு போடணுமா, புதுசா?" என்றான்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் பிரிண்டர் ஓடவில்லை என்றார். அன்று அவரிடம் நான் பேசிய தொனிக்கு மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அதற்குப் பிறகுதான் திருப்பத்தூரில் என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு வந்தது. நான் மட்டும் போய் வார இறுதி முழுக்க இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று, பையைக் கூட உள்ளே வைக்காமல் வழக்கம்போல் என் கம்ப்யூட்டரைப் போட்டு, வழக்கம்போல் இரண்டு குறிகளையும் இட்டேன். அது ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

திரை சுத்தமாக வந்தது.

ஆட்டத்தைத் திறந்தேன். என் கார் கண்ணாடியில் துளி விழுந்தது.

அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஹா, வந்துடுச்சா?" என்றார். "நான் அப்பவே சொன்னேன்ல, விடாம பண்ணா வரும்னு." அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அணைத்துவிட்டு, இன்னொரு முறை பார்க்கும் ஆசையில் மறுபடி போட்டேன். மின்விசிறி சுழல ஆரம்பித்தது. டிக் டிக் என்றது; முதல் தடவை போட்டபோது அவசரத்தில் அது என் காதில் விழவில்லை.

"நீ மாத்திட்டியா?" என்றேன்.

"எத?"

"கார்ட மாத்தி மாட்டியிருக்க."

அவருக்குப் பொய் சொல்ல வராது. தலையைச் சொறிந்தார். "நீ எவ்ளோ நாளா அதோட மல்லுக்கட்டிகினு இருக்க. எனக்கு மழை இருந்தா இன்னா, வெயிலா இருந்தா இன்னா? கார் ஓடுதுல்ல. நீ வச்சுக்கோ."

நியாயமாகப் பார்த்தால் நான் நெகிழ்ந்துபோயிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். கார்டு மட்டும் இல்லை, கொடுத்துவிட்டுக் கவலைப்படாமல் இருக்கும் அந்த மனசும் அவருக்கே கிடைத்திருக்கிறது. அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"கழட்டு. என்னோடத எனக்கு மாட்டு."

"ஏய், என்னா ஆச்சு உனக்கு? ரெண்டும் நம்ம வூட்டுலதானே இருக்கு? இதுல உன்னுது என்னுது இன்னா?"

"இருக்கு. நீ குடுத்து எனக்கு மழை பெய்ய வேணாம்."

"வேற இன்னா வேணும் உனக்கு?"

"என்னோடது திறக்கணும். நான் பாத்து எடுத்தது."

"அது கெட்ட கார்டும்மா. கம்பெனியே கெட்டதுன்னு மூடிட்டான். நீ இன்னா பண்ணுவ?"

நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். அவர் கீழே கடைக்குப் போய், பால் வாங்கிக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அதன்பின் சில நாட்கள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு.

ஆனால் கம்பெனியே கெட்டதென்று மூடியது என்று அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. மூடியது இரண்டு பகுதிகள். இரண்டுமே கெட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மூடித்தானே விற்பார்கள். நான் இத்தனை நாளும் இரண்டையும் சேர்த்தே திறந்துகொண்டிருந்தேன். குழுவில் எழுதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முழுசாகக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அவருடையது முழுசாகத் திறந்திருந்ததால் எனக்கும் முழுசு தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது உட்கார்ந்தேன். மூன்றாவது பகுதியை மட்டும் திறந்தேன். கட்டங்கள் விழுந்தன. அதை மூடிவிட்டு நான்காவதை மட்டும் திறந்தேன்.

சுத்தமான திரை. சோதனைப் படம் ஓடி முடியும் வரை மூச்சுவிடாமல் பார்த்தேன். ஒரு கட்டமும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை.

கால் பங்காவது கூடக் கிடைத்த தைரியத்தில் அடுத்த வேலையில் இறங்கினேன். கார்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஏற்றினால் சூடாகும், சூடு அதிகமானால் படம் கலங்கும். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை மின்விசிறியை அதற்கு நேராகத் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு படியாக ஏற்றி, ஆட்டத்தை ஓடவிட்டு, கார்டின் மேல் உலோகத்தை விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி ஏற்றினேன். ஓரிடத்தில் சாலையோர மரங்கள் ஊதா நிறமாகின. அதிலிருந்து இரண்டு படி கீழே இறக்கி நிறுத்தினேன்.

மழையைப் போட்டேன். பெய்தது. அவருடைய திரையில் பெய்வது போல அவ்வளவு வழவழப்பாக இல்லை. நிறைய கார்கள் ஒன்றாக வரும் இடத்தில் ஒரு திக்கல் இருந்தது. ஆனால் பெய்தது.

அவர் வந்து, கதவருகே செருப்பைக் கழற்றும்போதே என் திரையைப் பார்த்துவிட்டார்.

"சத்தியமா நான் எதையும் மாத்தலம்மா" என்றார் அவசரமாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாட்களுக்குப் பிறகு முதல் முறையாக. அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை கிரிக்கெட் ஓடவில்லை, முழுசாகக் கேட்டார். "இத எவனும் எழுதலியா?" என்றார். நான் தேடிப் பார்த்தவரை யாரும் எழுதியிருக்கவில்லை. அன்று மாலையே இணையக் குழுவில் நான் செய்ததை எழுதிப் போட்டேன். கட்டம் விழுகிற கார்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ நன்றி சொன்னார்கள்.

ஆபீஸில் என் கணவரின் மேஜையில் உட்கார்ந்து கேட்டானே, அவனும் அதே கார்டை வாங்கியிருந்தான். அவனுக்கும் கட்டம்தான் விழுந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனிலிருந்து கார்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை நேராக என் மேஜை பக்கம் வந்து நின்றான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். அன்னைக்கு அவன் சும்மா சொல்றான்னு நினைச்சேன்."

"கார்டக் குடுங்க" என்றேன்.

நான் அதை என் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொன்றாகத் திறக்கலாம் என்று முதலில் மூன்றாவதைத் திறந்தேன். சுத்தம். நான்காவதையும் திறந்தேன். அதுவும் சுத்தம். அவன் பழைய டிரைவர் போட்டுக் குழப்பியிருக்கிறான், கார்டில் கோளாறே இல்லை. முழுசாகத் திறந்துகொண்டது, என் மேஜையில், என் கண் முன்னால்.

"சூப்பர் மேடம்!" என்று அவன் குதித்தான். நான் புன்னகை செய்தேன். உள்ளே பழைய நெருப்பு குபுகுபுவென்று ஏறியது. என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் கார்டோடு வருவது வழக்கமாயிற்று. ஜீவனஹள்ளியில் கேம்ஸ் கடை நடத்தியவர் தன் கடையில் இருந்ததையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் ஏதோ ஒரு அளவுக்குத் திறந்தன. முழுசாகத் திறந்த ஒவ்வொன்றையும் கழற்றிக் கையில் கொடுக்கும்போது எனக்கு வலித்தது. அது பழகவே இல்லை. திறக்காத கார்டுக்காரர்களிடம் மட்டும் நான் ரொம்ப அன்பாக நடந்துகொண்டேன், அவர்களுக்குக் காபியெல்லாம் கொடுத்தேன்.

ஆஸ்டின் டவுன்காரன் கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போனான். அங்கே சிப்புகளையும் கார்டுகளையும் சோதிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. ஆள் தேவைப்பட்டபோது அவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். நேர்முகத்தில் என் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். மீதி நேரம் முழுக்க, இரண்டில் எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைத்தான் கேட்டார்கள். கட்டங்கள் எப்படி விழுந்தன என்று பலகையில் வரையச் சொன்னார்கள். இத்தனை மாதம் பார்த்த கட்டம். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன்.

வேலை கிடைத்த அன்று என் கணவர் எம்.எம். ரோட்டுக்குப் போய் பிரியாணி வாங்கிவந்தார். அம்மாவுக்கு, அக்காவுக்கு, ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். அவர் குரலில் துளிகூடக் குறை இல்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சோதனை அறையைப் பற்றிச் சொன்னேன். அலமாரி அலமாரியாகக் கார்டுகள். இன்னும் கடைக்கே வராத கார்டுகள். ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு மானிட்டர். எல்லாவற்றிலும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அதைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

"கேம்ஸும் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"அதான் வேலையே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அங்க இருக்கற கார்டுலாம் ஃபுல்லா ஓபன் ஆவுமா?"

"ஓபன் பண்றதா? அதெல்லாம் தொறந்துதான் வரும். எந்தப் பகுதி நல்லாருக்கு, எத மூடணும்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு இருக்கு. அது சரியா சொல்லுதான்னு பாக்கறதே நாங்கதான்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கும் ஓசை கேட்டது. அந்த ஓசை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொறுமையாகச் சாப்பிட்டு முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டது கொஞ்சம்தான்.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"இன்னும் ஆள் எடுக்கறாங்களா அங்க?"